கிர்பி கேன்வாஸ் கர்ஸ்: குறைவாக வரைந்து நன்றாக ஆடுவது எப்படி

பட்டன்களைத் தொடாமல், ஸ்டைலஸால் (திரையில் எழுதும் குச்சியால்) கோடு போட்டே, திட்டுகளையும் பள்ளங்களையும் தாண்டிப் போகும் ப்ளாட்ஃபார்ம் கேம் ஒன்று வேண்டும், வீட்டில் ஆறு வயதுப் பிள்ளையும் ஆடவேண்டும், நாமும் ஆடவேண்டும், யாருக்கும் சலிக்கக்கூடாது என்றால் நான் தயங்காமல் சொல்வது கிர்பி கேன்வாஸ் கர்ஸ். நின்டெண்டோவின் டிஎஸ் என்ற கையடக்கக் கருவிக்காக ஜப்பானின் ஹால் லேபரட்டரி செய்து 2005இல் வெளிவந்தது. வருடம் இத்தனை ஆகியும், வரைவதையே ஆட்டமாக மாற்றிய கையடக்கக் கேம்களில் இதற்கு இணையாக நான் வேறொன்றைச் சொல்லமாட்டேன்.

கதை சின்னது. ட்ராசியா என்ற சூனியக்காரி, கிர்பி வாழும் ட்ரீம் லேண்டை ஓவிய உலகமாக மாற்றிவிடுகிறாள். துரத்திப் போன கதாநாயகன் கிர்பியையும் கை கால் இல்லாத பந்தாக ஆக்கிவிடுகிறாள். அவளுடைய மந்திரத் தூரிகை நம் கைக்கு வந்துசேர்கிறது. அந்தத் தூரிகைதான் ஸ்டைலஸ். கிர்பியால் இனி நடக்கவும் முடியாது, வழக்கம்போல எதிரிகளை உறிஞ்சி விழுங்கவும் முடியாது, உப்பிப் பறக்கவும் முடியாது, உருள மட்டும்தான் முடியும். எங்கே உருளவேண்டும் என்பதை நாம் வானவில் நிறக் கோடாக வரைந்து காட்டவேண்டும்.

இதை ஆட ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சிக்குவார்கள். கோடுதானே பாதை என்று நினைத்து, திரையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நீளமாக இழுத்துக்கொண்டே போவார்கள், பாதி வழியில் மை தீர்ந்துவிடும், கிர்பி பள்ளத்தில் விழுவான். முதல் இரண்டு உலகங்கள் இதைப் பொறுத்துக்கொள்ளும். அப்புறம் பொறுக்காது. அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றிச் சொல்லப்போகிறது: குறைவாக வரையுங்கள், சரியான இடத்தில் வரையுங்கள்.

முதலில் கேமையும் கருவியையும் பார்த்துக்கொள்வோம்

பெயர் விஷயத்தில் குழம்பவேண்டாம். அமெரிக்காவில் கேன்வாஸ் கர்ஸ், ஐரோப்பாவில் பவர் பெயின்ட்பிரஷ், ஜப்பானில் டச்! கர்பி. மூன்றும் ஒரே கேம். சாதாரண டிஎஸ் கார்ட்ரிட்ஜுக்கு நாட்டுப் பூட்டு கிடையாது, எந்த நாட்டுக் கார்ட்ரிட்ஜை வாங்கினாலும் எந்த நாட்டு டிஎஸ்ஸிலும் ஓடும். பழைய டிஎஸ், டிஎஸ் லைட், டிஎஸ்ஐ மட்டுமல்ல, 3டிஎஸ், 2டிஎஸ் வகைகளிலும் போடலாம். ஸ்விட்சில் போடமுடியாது. நின்டெண்டோவின் வீ யூ கருவியில் டவுன்லோடாகக் கிடைத்துக்கொண்டிருந்தது, ஆனால் அதன் ஆன்லைன் கடையில் புதிதாக வாங்குவதை 2023 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள், ஆகவே இப்போது செகண்ட் ஹாண்ட் கார்ட்ரிட்ஜ்தான் வழி.

செகண்ட் ஹாண்ட் கருவி வாங்கும்போது இந்தக் கேமுக்காக நீங்கள் பார்க்கவேண்டியது டச் ஸ்கிரீனைத்தான். பட்டன் ஒன்றிரண்டு மக்கர் பண்ணினால்கூட சமாளித்துவிடலாம், டச் சரியில்லையென்றால் ஆட்டமே இல்லை. செட்டிங்ஸில் டச் ஸ்கிரீனைச் சரிசெய்யும் பகுதி இருக்கிறது, அதைத் திறந்து காட்டும் புள்ளிகளைச் சரியாகத் தொட்டுக்கொடுங்கள். பிறகு திரையின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் தொட்டுப் பாருங்கள். தொட்ட இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி விழுந்தால் கோடு எப்போதும் கிர்பியின் காலடியைத் தவறவிடும், உங்கள் கைமேல் தப்பே இருக்காது.

இன்னொன்று. இப்போதைய போன் திரை மாதிரி இல்லை இது. அழுத்தத்தை உணரும் திரை, ஒரு நேரத்தில் ஒரு புள்ளியை மட்டும்தான் ஒழுங்காகப் புரிந்துகொள்ளும். ஸ்டைலஸ் பிடித்த கையின் ஓரம் திரைமேல் பட்டுவிட்டால் கருவி குழம்பி, கோடு எங்கேயோ தாவிப் போகும். குழந்தைகள் பேப்பரில் எழுதுவதுபோலக் கையைத் திரைமேல் ஊன்றிக்கொள்வார்கள், அதுதான் பிரச்சினையே. மணிக்கட்டைக் கருவியின் விளிம்பில் வைத்துக்கொண்டு, விரல்களை மட்டும் அசைக்கப் பழக்குங்கள். அழுத்தி வரையவும் தேவையில்லை, மெதுவாகப் பட்டாலே போதும். ஆடுவதற்கு முன் திரையை மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள், மணல் துகள் ஒன்று இருந்தாலும் ஒரே இடத்தில் மறுபடி மறுபடி இழுக்கும்போது கீறல் விழும். ஸ்க்ரீன் கார்டு ஒட்டுவது நல்லது.

பட்டன் வேலை கிட்டத்தட்ட இல்லாததால் இடது கைப் பழக்கம் உள்ளவர்களுக்கும் இது மற்றவர்களுக்கு ஆடுவதுபோலவே வரும். வலது கையில் கருவி, இடது கையில் ஸ்டைலஸ், அவ்வளவுதான்.

கோட்டுக்குத் திசை உண்டு

முதல் ஸ்டேஜில் அவசரப்படாமல் ஒரு சோதனை செய்து பாருங்கள். கிர்பி நிற்கிறான். அவன் காலடியில் இடமிருந்து வலமாக ஒரு விரல் அகலத்துக்கு ஒரு கோடு. வலப்பக்கம் உருளுவான். இப்போது அதே கோட்டை, அதே நீளத்தில், அதே இடத்தில், வலமிருந்து இடமாக வரையுங்கள். இடப்பக்கம் திரும்பிவிடுவான். கோடு எங்கே இருக்கிறது என்பது பாதிதான், எந்தப் பக்கம் இழுத்தீர்கள் என்பது மீதிப் பாதி. இது கைக்குப் பிடிபட்டுவிட்டால் கேம் வேறு மாதிரித் தெரியும், ஏனென்றால் அப்போதுதான் கோடு தரையாக மட்டும் இல்லாமல் கன்வேயர் பெல்ட்டாகவும் வேலை செய்கிறது என்பது புரியும். மேடு ஏறவும் இதே கணக்குதான். காலடியிலிருந்து சாய்வாக மேல்நோக்கி வரைந்தால் கிர்பி அதைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடுவான்.

வட்டமாக வரைந்தால் அதற்குள் ஒரு சுற்றுச் சுற்றி வேகம் பிடித்து வெளியே வருவான். ஆரம்பத்தில் இது ஒரு வித்தை மாதிரி இருக்கும், குழந்தைகள் தேவையே இல்லாமல் வட்டம் வட்டமாகப் போடுவார்கள், போடட்டும். ஆனால் வட்டம் நிறைய மை குடிக்கும். எதையாவது உடைக்கவோ பெரிய தூரம் தாண்டவோ வேகம் வேண்டுமென்றால் மட்டும் அதை எடுங்கள்.

மை எப்படிப் போகிறது, எப்படி வருகிறது

வரைய வரைய மை குறையும், வரைந்த கோடும் கொஞ்ச நேரத்தில் தானாக மறைந்துபோகும். மை மறுபடி வேகமாக நிரம்புவது கிர்பி உண்மையான தரையில் இருக்கும்போதுதான். கோட்டின்மேலேயே உருண்டுகொண்டிருந்தாலோ அந்தரத்தில் இருந்தாலோ அந்த வேகம் கிடைக்காது. அதாவது ஸ்டேஜில் இருக்கிற ஒவ்வொரு திட்டும், தூணும், மரக்கிளையும் உங்களுக்கு மை நிரப்பும் இடம். அடுத்த திட்டு எங்கே என்று கண் முதலில் தேடவேண்டும், அப்புறம்தான் கை அசையவேண்டும்.

அகலமான பள்ளம் ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பாலம் கட்டத் தோன்றும், கட்டாதீர்கள். இந்தக் கரையின் விளிம்பில் மேல்நோக்கிச் சாய்ந்த ஒரு சின்னக் கோடு, கிர்பியின்மேல் ஒரு தட்டு, அவன் பாய்ந்து கிளம்புவான். நடுவானில் இருக்கும்போது ஸ்டைலஸை எடுத்து அந்தக் கரைக்குப் பக்கத்தில், அவன் விழப்போகும் இடத்தில், இன்னொரு சின்னக் கோடு. முழுப் பாலத்துக்கு ஆகும் மையில் ஒரு சிறு பங்குதான் செலவாகும். தப்பிவிட்டால்கூட இன்னொரு கோடு போட்டுத் தாங்கிப்பிடிக்க மை மிச்சம் இருக்கும். பாலம் கட்டியவருக்கு அந்த மிச்சம் இருக்காது.

நான் எல்லோருக்கும் சொல்லும் பழக்கம் இதுதான்: கிர்பியைப் பார்க்காதீர்கள், அவன் அடுத்து வந்து விழப்போகும் இடத்தைப் பாருங்கள். ஸ்டைலஸ் முனை எப்போதும் அவனுக்குக் கொஞ்சம் முன்னால் காத்திருக்கட்டும். அவனுக்குப் பின்னால் துரத்திக்கொண்டே வரைந்தால் மை எவ்வளவு இருந்தாலும் பத்தாது.

கோடு சுவராகவும் கூரையாகவும்

இதைப் பலர் கடைசி வரை பயன்படுத்துவதே இல்லை, எனக்கு அது பெரிய வருத்தம், ஏனென்றால் கேமின் பாதி அழகு இங்கேதான் இருக்கிறது. வேகமாக உருண்டு வருகிறான், முன்னால் முள். அவனுக்கு முன்னால் செங்குத்தாக ஒரு குட்டிக் கோடு இழுத்தால் அதில் முட்டி நின்றுவிடுவான். அதையே கீழிருந்து மேலேறிப் பின்பக்கம் வளைகிற கொக்கி வடிவில் வரைந்தால், நிற்காமல் வந்த வழியே வேகத்தோடு திரும்பிவிடுவான்.

எதிரி சுடுகிறானா, குறுக்கே ஒரு கோடு போடுங்கள், கேடயமாகிவிடும். மேலே இருந்து ஏதாவது கொட்டுகிறதா, கிர்பியின் தலைக்குமேல் ஒரு கோடு போட்டால் அது கூரை. ஒரே கையால் கீழே பாதையும் மேலே கூரையும் மாறி மாறிப் போடவேண்டிய இடங்களும் வரும், அங்கே நீளக் கோடு போடுகிறவர்கள் தாங்கமாட்டார்கள். கூரையை முதலில் போடுங்கள், பாதையை அப்புறம். கோடு தானாக மறைகிற நேரம் இருக்கிறதல்லவா, அதைக் கணக்கில் வைத்து, கூரை மறைவதற்குள் கடந்துவிடுகிற தூரத்துக்கு மட்டும் பாதை போட்டால் போதும்.

தண்ணீர் வரும் ஸ்டேஜ்களில் எல்லாமே தலைகீழ். பந்து மிதக்கும். கிர்பியைக் கீழே கொண்டுபோக வேண்டுமென்றால் அவனுக்கு மேலே கோடு போட்டு அழுத்தி இறக்கவேண்டும். கீழே கோடு போட்டுப் பழகின கை முதலில் அடம்பிடிக்கும். கொஞ்ச நேரம் நுழைவாயில் பக்கமே மேலும் கீழும் போய் வந்து பழகிவிட்டு உள்ளே போங்கள்.

தட்டுவது எப்போது

வரைவது தவிர நாம் செய்வது தட்டுவது. கிர்பியைத் தட்டினால் திடீரென்று பாய்வான். எதிரியைத் தட்டினால் அது கொஞ்ச நேரம் திகைத்து நிற்கும். இரண்டையும் வரிசை மாற்றாமல் செய்யுங்கள்: முதலில் எதிரி, அப்புறம் கிர்பி. திகைத்து நிற்கும் எதிரிமேல் பாய்ந்தால் அடி படாது, எதிரி காலி. எதிரி ஏதாவது திறமை உடையது என்றால் அந்தத் திறமை கிர்பிக்கு வந்துவிடும், பிறகு கிர்பியைத் தட்டும்போதெல்லாம் சாதாரணப் பாய்ச்சலுக்குப் பதில் அது வேலை செய்யும். சக்கரம் கிடைத்தால் தரையில் பறப்பான். கல் கிடைத்தால் கனமாகி விழுவான். பலூன் கிடைத்தால் உப்பி மேலே போவான். க்ராஷ் என்பது சுற்றியிருக்கிற எல்லாவற்றையும் ஒரே வெடிப்பில் அழித்துவிடும், ஆனால் ஒருமுறைதான், ஆகவே கைக்குக் கிடைத்த உடனே தட்டிவிடாமல் வைத்திருங்கள்.

புதிர் என்று இதில் வருவதெல்லாம் பெரும்பாலும் மெடலைச் சுற்றித்தான் இருக்கும். ஒவ்வொரு ஸ்டேஜிலும் 3 மெடல்கள் ஒளிந்திருக்கின்றன. கண்ணுக்கு எதிரே தெரியும், ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும், அல்லது ஒரு சுவிட்சைத் தொட்டுவிட்டுக் கதவு மூடுவதற்குள் ஓடவேண்டியிருக்கும். மாட்டிக்கொண்டால் அந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் என்ன எதிரி நின்றது என்று திரும்பிப் பாருங்கள். அதன் திறமைதான் பெரும்பாலும் சாவி. குழந்தையோடு ஆடும்போது உடனே விடையைச் சொல்லிவிடாமல், "அங்க யாரு நின்னாங்க, பாத்தியா?" என்று மட்டும் கேளுங்கள். அவர்களே கண்டுபிடிப்பார்கள், கண்டுபிடித்தபின் அந்த முகத்தைப் பார்க்கவேண்டும்.

பாஸ்கள்

இங்கே பாஸ் சண்டை, அதாவது பெரிய எதிரியோடு மோதும் இடம், வழக்கமான சண்டையாக இல்லாமல் மூன்று குட்டி ஆட்டங்களாக வரும். யாரோடு மோதுவது என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். ஒருமுறை ஜெயித்தபின் அதே ஆள் மறுபடி வரும்போது கஷ்டம் கூடியிருக்கும்.

க்ராக்கோவோடு நடப்பது பந்தால் கட்டியை உடைக்கும் பழைய ஆர்கேட் ஆட்டம் மாதிரி. கிர்பி கீழே விழாமல் கோடு போட்டுத் திருப்பி மேலே அனுப்பவேண்டும். இங்கே தட்டைக் கோடு போடுவதைவிட லேசாகச் சாய்த்துப் போட்டால் எந்தப் பக்கம் எகிறவேண்டும் என்பதை நீங்கள் தீர்மானிக்கலாம். கிங் டிடிடியோடு வண்டிப் பந்தயம். வண்டி தானாக ஓடும், தடைகளைத் தாண்ட நாம் சாய்வுக் கோடு போடவேண்டும். இதில் வண்டியைத் தரையில் விட்டுவைக்கிற இடங்களில் கையைத் தூக்கிவிடுங்கள், வீணாக வரைந்துகொண்டிருந்தால் தேவைப்படும் நேரத்தில் மை இருக்காது. பெயின்ட் ரோலரோடு நடப்பது, நேரத்துக்குள் புள்ளிகளை இணைத்து ஓவியத்தை முடிக்கும் போட்டி. சின்னப் பிள்ளைகள் பெரியவர்களை ஜெயிக்கிற இடம் இதுதான். அதனால் வீட்டில் பாஸ் வரும்போது பெயின்ட் ரோலரைத் தேர்ந்தெடுத்துக் கருவியைப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள்.

கடைசியில் ட்ராசியா. இவளிடம் குட்டி ஆட்டமெல்லாம் கிடையாது, நேரடி மோதல். அவள் அந்தரத்தில் பறந்துகொண்டிருப்பாள், நாம் சாய்வாகக் கோடு போட்டு அவள் உயரத்துக்கு ஏறிப் பாயவேண்டும். ஆனால் அவள் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருக்காதீர்கள். ஒரு அடி, உடனே தரைக்குத் திரும்புங்கள், மை நிரம்பட்டும், அவள் வீசுவதை ஒரு கோட்டால் தடுங்கள், பிறகு அடுத்த அடி. அவளைத் தோற்கடித்ததும் முடிந்துவிட்டது என்று ஸ்டைலஸைக் கீழே வைத்துவிடவேண்டாம், இரண்டாவது உருவம் எடுத்து வருவாள்.

குறைவாக வரையக் கற்றுக்கொடுக்கும் இடம்

மெனுவில் ரெயின்போ ரன் என்று ஒரு பகுதி இருக்கிறது. முதன்மை ஆட்டம் முழுவதையும் முடித்துவிட்டுத்தான் அங்கே போகவேண்டும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். நான் சீக்கிரமே போகச் சொல்வேன். அதில் டைம் ட்ரையல், லைன் ட்ரையல் என்று இரண்டு வகை. டைம் ட்ரையல் வேகத்துக்கு. லைன் ட்ரையல் என்பது எவ்வளவு குறைந்த மையில் முடிக்கிறீர்கள் என்பதற்கு. இந்த இரண்டாவதை ஆடாமல் இந்தக் கேம் முழுதாகக் கைக்கு வராது.

முதல்முறை வழக்கம்போல வரைந்தே முடித்துவிடுங்கள், எவ்வளவு மை செலவானது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தமுறை ஒவ்வொரு கோட்டையும் போடும் முன் ஒரு கேள்வி: இங்கே கோடே இல்லாமல் ஒரு தட்டில் போய்விட முடியுமா? சரிவு இருக்கிற இடங்களில் கிர்பி தானாகவே உருளுவான், அங்கே கை வேண்டாம். சமதளத்தில் ஒரு தட்டு போதும். கோடு கட்டாயம் வேண்டிய இடங்கள் மட்டும் மிஞ்சும், அவற்றில் கோட்டின் நீளத்தைப் பாதியாக்கிப் பாருங்கள். இங்கே பழகிய கை முதன்மை ஆட்டத்தின் பிந்தைய உலகங்களில் தானாகவே சிக்கனமாகிவிடும், அதுவரை முடியவே முடியாது என்று தோன்றிய ஸ்டேஜ் சாதாரணமாக ஆகிவிடும்.

இந்தப் பந்தயங்களிலும் மெடல் கிடைக்கும். சேர்ந்த மெடல்களைக் கொடுத்துப் பல விஷயங்களை வாங்கலாம்: புதுக் கோட்டு வகைகள், கேமின் இசையைக் கேட்கும் வசதி, கிர்பிக்குப் பதிலாக ஆட வாடில் டீ, மெட்டா நைட், கிங் டிடிடி போன்ற வேறு பந்துகள். சின்னப் பிள்ளை ஆடுகிற வீடு என்றால் அலங்காரத்துக்கு முன்னால் உயிர்ப்பட்டையைக் கூட்டிக்கொள்வதை எடுங்கள், ஒரு அடி கூடுதலாகத் தாங்கினாலே அவர்களுக்குப் பெரிய தைரியம். மெட்டா நைட் வேகமானவன், டைம் ட்ரையலுக்கு எடுத்துக்கொள்ளலாம், ஆனால் எதிரியிடமிருந்து திறமையை வாங்கிக்கொள்ள அவனால் முடியாது. மெடல் தேடும் வேலைக்குக் கிர்பியையே வைத்துக்கொள்ளுங்கள்.

இருவராக ஆட இதில் தனி வசதி இல்லை, ஒரு கருவி, ஒரு ஸ்டைலஸ். அதனால் ஸ்டேஜுக்கு ஒருவர் என்று மாற்றிக்கொள்வதைவிட, ஒரு மெடலுக்கு ஒருவர் என்று மாற்றிக்கொண்டால் காத்திருக்கிறவருக்கு அலுப்பு வராது, பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த மெடல் எங்கே இருக்கும் என்று அவரும் தேடிக்கொண்டிருப்பார். லைன் ட்ரையலில் மட்டும் ஆளுக்கொரு முழு ஓட்டம் கொடுங்கள், யாருக்குக் குறைந்த மை என்று பார்க்க அது வேண்டும்.